வீட்டுக்கடன் கம்பெனி மீது வக்கீல் இல்லாமல் நானே டிஆர்டியில் (கடன் வசூல் தீர்ப்பாயத்தில்) வழக்குப் போடலாமா?

பல்லடம் தறிக்காரர்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. பல்லடம் பக்கம் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. என் பேரிலும் வீட்டுக்காரம்மா பேரிலும் சேர்ந்து பத்திரம். 2018-ல் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் 18 லட்சம் கடன் வாங்கினோம். மாறும் வட்டி, 20 வருடத் தவணை. கொரோனாவில் தறி நின்றபோது ஆறு மாதம் தவணை தள்ளிவைப்பு எடுத்தோம். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகளெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அது முடிந்த கையோடு வட்டியும் ஏறத் தொடங்கியது. கூலித்தறி ஓட்டுகிறவனால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை, தவணை நின்றது.

கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை எடுத்து ஏலம் விடக் கடன் கொடுத்தவருக்கு வழி தரும் சர்பாசி சட்டத்தில் 13(2) நோட்டீஸ் வந்தது. 18,62,000 கட்டு என்றது. இத்தனை வருடம் கட்டியும் வாங்கிய கடனைவிடப் பாக்கி அதிகம் என்றால் எப்படி? கணக்கு தப்பு என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஆட்சேபம் அனுப்பினேன். பதில் இல்லை. இப்போது சுவாதீன நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரே படிக்கிறது.

கோவையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். முன்பணமாகவே 60,000 கேட்டார். அவர் தொழில், கேட்பது தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் கையில் இருந்தால் நான்கு தவணை கட்டியிருப்பேன். நானே மனுப் போட்டு நானே பேச முடியுமா? கடனை இல்லை என்று சொல்ல வரவில்லை. நியாயமான கணக்கைக் காட்டினால் கட்டுகிறேன் என்கிறேன்.

சூலூர் காத்து:

அண்ணா, உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கிப் போடுங்கள். எங்க மாமா நிலத் தகராறில் அப்படித்தான் வாங்கினார்.

ஈரோடு வழக்கறிஞர்:

சூலூர் தம்பி, நிலத் தகராறு வேறு, இது வேறு. சர்பாசி சட்டத்தின் 34-ம் பிரிவு சிவில் கோர்ட்டின் கதவை அடைத்துவிட்டது. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லும் என்று சொன்னபோது, அப்பட்டமான மோசடி போன்ற ஓரிரண்டு சூழ்நிலைக்கு மட்டும் சிறு சந்து விட்டது. கணக்கு தப்பு, நோட்டீஸ் தப்பு என்பதெல்லாம் அந்தச் சந்தில் நுழையாது. முன்சீப் கோர்ட்டில் போட்டு, அங்கே வாய்தா வாங்கிக்கொண்டே இருந்து, டிஆர்டிக்கான கெடுவைக் கோட்டைவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நேராக ஹைகோர்ட்டுக்கு ரிட் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். டிஆர்டி இருக்கும்போது ஹைகோர்ட்டுகள் இதில் சாதாரணமாகத் தலையிடக் கூடாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

தறிக்காரர் அண்ணா, உங்கள் இடம் கோவை டிஆர்டிதான். 17-ம் பிரிவில் மனு. சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள். இந்த 45-ஐ மட்டும் மறக்கவே கூடாது. 13(2) நோட்டீஸை எதிர்த்து மட்டும் அங்கே போக முடியாது, 13(4)-ல் சுவாதீனம் எடுப்பது போன்ற நடவடிக்கை வந்த பிறகுதான் வழி திறக்கும். உங்களுக்கு அது திறந்துவிட்டது.

கட்டணம் பெரிதாக இராது. கேட்கும் தொகை 10 லட்சத்துக்கு உட்பட்டால் லட்சத்துக்கு 500. அதற்கு மேல் 5,000-மும், கூடுதலான ஒவ்வொரு லட்சத்துக்கும் 250-மும். உங்கள் தொகைக்கு 7,250 வரும். மனுவோடு ஏலத்துக்குத் தடை கேட்டுத் தனியாக ஒரு இடைக்கால மனுவும் வைக்க வேண்டும்.

நீங்களே ஆஜராகலாம், தடை இல்லை. ஆனால் ஒன்றை முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். அங்கே மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். எதிரில் நிற்பவர் தினமும் அதே அறையில் நிற்பவர். தடை மனு விசாரணை அன்றைக்காவது ஒரு வக்கீல் பக்கத்தில் இருப்பது நல்லது.

உண்மை விளம்பி:

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். கம்பெனி உங்களுக்குக் கொடுத்தது அவர்கள் பணமே கிடையாது. உங்கள் கடனை வேறொருவருக்கு விற்றிருப்பார்கள். ஒரிஜினல் கடன் பத்திரத்தைக் கோர்ட்டில் காட்டு என்று கேளுங்கள், காட்ட முடியாது. அமெரிக்காவில் இப்படித்தான் வக்கீலே இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைக் காப்பாற்றினார்கள். வீடியோ இருக்கிறது.

பெருந்துறையான் நியூஜெர்சி:

நான் பிறந்தது பெருந்துறை, இருப்பது அமெரிக்காவில். அந்த வீடியோக்களை நம்பி யாரும் வீட்டை இழக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

2008 நெருக்கடிக்கு முன்னால் இங்கே வீட்டுக்கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள் என்பது உண்மை. கை மாறி மாறிப் போனதில் பல கடன்களுக்குப் பத்திரத் தொடர்ச்சியே இல்லாமல் போனது. ஒரே ஊழியர் நாள் முழுக்கப் படித்தே பார்க்காமல் ஆயிரக்கணக்கான உறுதிமொழிப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டது 2010-ல் அம்பலமானது. 2012-ல் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் சுமார் 2,500 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டன. இதெல்லாம் நடந்தது.

ஆனால் "பத்திரத்தைக் காட்டு" என்று கேட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது கால அவகாசம்தான். கம்பெனி சரியான தாளோடு திரும்ப வந்து வழக்குப் போட்டது. "வங்கி பணமே கொடுக்கவில்லை" என்ற வாதத்தை இங்கே நீதிபதிகள் எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்கிறார்கள். பாதி மாநிலங்களில் கோர்ட்டுக்குப் போகாமலே ஏலம் விடலாம், அங்கெல்லாம் வீட்டுக்காரர்தான் வழக்குப் போட்டுத் தடுக்க வேண்டும். நம்மூர் சர்பாசி மாதிரிதான்.

சரி, இங்கே வீட்டுக்காரர்கள் உருப்படியாக எங்கே ஜெயித்தார்கள்? சட்டம் எழுதிவைத்த கெடுவிலும் படிவத்திலும்தான். கடன் கொடுக்கும்போது தர வேண்டிய விவரத்தாள்களைத் தராவிட்டால், மூன்று ஆண்டுக்குள் கடனை ரத்து செய்யும் உரிமை, சில வகைக் கடன் வாங்கியவர்களுக்கு உண்டு. அதற்கு வழக்கே போட வேண்டியதில்லை, அந்த மூன்று ஆண்டுக்குள் எழுத்தில் தெரிவித்தால் போதும் என்று 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பணம் யாருடையது என்ற தத்துவத்துக்கு அதில் இடமே இல்லை. எந்தத் தேதியில் என்ன தாள் போனது என்பதுதான் கேள்வி.

உண்மை விளம்பி:

அப்போ அவர்கள் செய்வதெல்லாம் சரி என்கிறீர்களா?

பெருந்துறையான் நியூஜெர்சி:

இல்லை. அவர்கள் தப்பைத் தேட வேண்டிய இடம் வேறு என்கிறேன்.

ஓய்வு பெற்ற மேலாளர், கரூர்:

தறிக்காரர் தம்பிக்கு. நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன், கடன் பிரிவில்தான் அதிகம். இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடன் கொடுத்த நாளிலிருந்து இன்று வரை முழு ஸ்டேட்மெண்ட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். முழுசும் கையில் வந்ததும் ஒரு நோட்டில் மாதம் மாதமாகப் பிரித்து எழுதுங்கள்.

அதில் என்ன பார்க்க வேண்டும்? 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தள்ளிவைப்புக் காலம். அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போட்டிருந்தால் திருப்பிக் கொடு அல்லது கணக்கில் கழி என்று ஏப்ரலில் ரிசர்வ் வங்கியும் எல்லாக் கடன் நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டது. உங்கள் கணக்கில் கழித்த வரவு இருக்கிறதா?

அடுத்தது அபராத வட்டி. ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைப்படி, தவணை தவறினால் அபராதக் கட்டணம் என்று தனியாக வாங்கலாமே தவிர, அதை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, அசலில் ஏற்றி அதற்கும் வட்டி போடக் கூடாது. பழைய கடன்களையும் 2024 ஜூன் 30-க்குள் இந்த முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். அதே நாளில் வந்த இன்னொரு சுற்றறிக்கை, வட்டி ஏறும்போது தவணைத் தொகை கூடுமா, காலம் நீளுமா என்பதைக் கடன்காரருக்குச் சொல்லி, நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் தர வேண்டும் என்றது. ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. அந்த ஏற்றத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது கடிதமோ செய்தியோ வந்ததா? வராவிட்டால் மனுவில் எழுதுங்கள்.

கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் பிரீமியத்தை அசலில் ஏற்றியிருப்பார்கள். பாலிசியே கைக்கு வந்திருக்காது. காசோலை திரும்பிய கட்டணம், வசூல் ஆள் வந்துபோன கட்டணம், வக்கீல் நோட்டீஸ் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறியிருக்கும். ஒப்பந்தத்தில் இருக்கும் கட்டணத் தாளோடு ஒப்பிடுங்கள்.

நான் பார்த்த வரையில், பொதுவாக "அநியாயம், அராஜகம்" என்று எழுதிய மனுவுக்கு எங்கள் வக்கீல் ஒரு பத்தியில் பதில் எழுதிவிடுவார். "இந்தத் தேதியில் இந்தப் பற்று எதற்கு?" என்று வரி வரியாகக் கேட்ட மனு வந்தால்தான் கிளைக்கே போன் போட்டு ஃபைலைத் தேடச் சொல்வார்கள். வக்கீல் இல்லாதவனுக்கு இதுதான் பலம். அவன் கணக்கை அவனைவிடத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

கோபி அக்கா:

ஒரு விஷயம் எல்லோரும் விட்டுவிட்டீர்கள். வீடு மனைவி பேரிலும் இருக்கிறது என்கிறார். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். தீர்ப்பாயங்களுக்கும் அது உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணையத்தின் அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

என் கதையைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு மஞ்சள் வியாபாரக் கடனுக்கு வீட்டை ஜப்தி செய்ய வந்தார்கள். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், பேச வராது. ஆணையத்தில் கொடுத்த பெண் வக்கீல் மனுவை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாய்தாவுக்கு அவர் வர முடியவில்லை, நானே நின்றேன். "என்னம்மா சொல்ல வேண்டும்?" என்று தமிழிலேயே கேட்டார்கள். தேதியையும் தாளையும் காட்டினேன். கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கினாலும் நில்லுங்கள். வாய்தாவுக்குப் போகாமல் மட்டும் இருக்காதீர்கள், ஆள் இல்லையென்றால் மனுவையே தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

பல்லடம் தறிக்காரர்:

அக்கா, ரொம்ப நன்றிங்க. வீட்டுக்காரம்மாவை முதல் மனுதாரராகப் போட்டு எழுதப்போகிறேன். மேலாளர் ஐயா சொன்னபடி ஸ்டேட்மெண்ட்டுக்கு எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். வக்கீல் சார், 13(2)-க்கு நான் அனுப்பிய ஆட்சேபத்துக்குப் பதில் வராததை ஒரு காரணமாகச் சொல்லலாமா?

ஈரோடு வழக்கறிஞர்:

கட்டாயம் சொல்ல வேண்டும். 13(3ஏ) பிரிவில் ஆட்சேபம் கிடைத்த 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும் என்று இருக்கிறது. ஒப்புகை அட்டை உங்களிடம் இருப்பது பெரிய விஷயம். சுவாதீன நோட்டீஸ் ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில், அதில் ஒன்று தமிழில், வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏலத் தேதி போட்டார்களா?

பல்லடம் தறிக்காரர்:

நேற்றுத்தான் வந்தது சார். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து ஏலத்துக்கு 19 நாள்தான் இருக்கிறது.

ஈரோடு வழக்கறிஞர்:

அந்தத் தபால் உறையைப் பத்திரமாக வையுங்கள், முத்திரைத் தேதியோடு. சர்பாசி அமலாக்க விதிகளில் 8(6)-ன்படி சொத்தை விற்பதற்கு முன் கடன்காரருக்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். இது வெறும் சடங்கு இல்லை, முழுதாக 30 நாள் தந்தே ஆக வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதல் ஏலம் நடக்காமல் போய் மறு ஏலம் என்றால் 15 நாள் போதும், உங்களுடையது முதல் ஏலம். மனுவில் இதை முதலில் வையுங்கள், கணக்கைப் பின்னால் வையுங்கள்.

இன்னொன்று. 2016 திருத்தத்துக்குப் பிறகு, பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. முன்பெல்லாம் ஏலம் முடிந்து பத்திரம் எழுதும் வரை வழி இருந்தது, அந்த நினைப்பில் பலர் காத்திருக்கிறார்கள். அதனால் அந்த அறிவிப்பே செல்லாது என்று நிற்பது உங்களுக்கு மிக முக்கியம்.

தடை கொடுத்தால் ஒரு தொகையைக் கட்டச் சொல்லித்தான் கொடுப்பார்கள். எவ்வளவு புரட்ட முடியும் என்று இப்போதே முடிவு செய்துகொண்டு போங்கள். "முடிந்ததைக் கட்டுகிறேன்" என்று சொல்லாமல் ஒரு தொகையும் தேதியும் சொல்லுங்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டால் தடை தானாகப் போய்விடும்.

சூலூர் காத்து:

வக்கீல் சார், இவ்வளவும் சொல்லிக் கொடுத்துவிட்டு வக்கீல் வைத்துக்கொள் என்றும் சொல்கிறீர்களே?

ஈரோடு வழக்கறிஞர்:

ஆமாம் தம்பி, இரண்டையும்தான் சொல்கிறேன். தோற்றால் மேல்முறையீடு சென்னையில். அங்கே கடன்காரர் பாக்கியில் பாதியை முதலில் கட்ட வேண்டும், குறைத்தாலும் கால் பங்குக்குக் கீழே குறைக்க முடியாது. வீட்டைக் காப்பாற்றப் போராடுகிறவரிடம் நாலரை லட்சமோ ஒன்பது லட்சமோ ஏது? ஆகவே பெரும்பாலானவர்களுக்குக் கோவையில் நடப்பதுதான் முதலும் முடிவும். கட்டணம் கொடுக்க முடியாதவர் சும்மா இருப்பதைவிட, தானே போய் நிற்பது ஆயிரம் மடங்கு மேல். வழி இருப்பவர் அந்த ஒரு நாளுக்காவது ஆள் வைத்துக்கொள்ளட்டும்.

ஓய்வு பெற்ற மேலாளர், கரூர்:

வக்கீல் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கணக்கைப் புரட்டிக்கூடப் பார்க்காத வக்கீலைவிட, நோட்டில் எழுதிக்கொண்டு வந்த கடன்காரர் நன்றாகப் பேசியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தம்பி, தடை விசாரணைக்குள் ஒரு சமரசக் கடிதமும் கம்பெனிக்குக் கொடுத்து வையுங்கள். பேசத் தயார் என்பதற்கு அது சாட்சி.

பல்லடம் தறிக்காரர்:

சில மாதங்கள் கழித்து எழுதுகிறேன். பலர் தனியாகக் கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மனுவை நானும் மகளும் சேர்ந்து எழுதினோம், அவள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். சட்டப் பணிகள் ஆணையத்தில் வீட்டுக்காரம்மா பேரில் விண்ணப்பித்து வக்கீல் கிடைக்கும் முன்பே ஏலத் தேதி நெருங்கிவிட்டதால் தடை மனுவுக்கு நாங்களே நின்றோம். எதிர்த்தரப்பு வக்கீல், "இவர்கள் கடனைக் கட்டும் எண்ணமே இல்லாதவர்கள்" என்றார். அதற்கு நான் ஒன்றும் பேசவில்லை. தபால் உறையையும் ஒப்புகை அட்டையையும் கொடுத்தேன். எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டார்கள், தொகையையும் தேதியையும் சொன்னேன். இரண்டு தவணையாக மூன்று லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏலத்துக்குத் தடை கிடைத்தது. நாலு தறியை விற்றுத்தான் கட்டினோம்.

பிறகு ஆணையத்தின் வக்கீலும் வந்தார், நல்ல மனுஷி. கணக்குப் பகுதியை என்னையே சொல்ல விட்டார். கம்பெனி புதுக் கணக்கு தாக்கல் செய்தது. அதில் தள்ளிவைப்புக் கால வட்டிக்கு வட்டியும், அசலில் ஏற்றிய அபராத வட்டியும் சேர்த்து 70,000-க்குக் கொஞ்சம் மேல் குறைந்திருந்தது. இன்சூரன்ஸ் பிரீமியம் குறையவில்லை, அதில் என் கையெழுத்து இருந்தது. முடிவில் 30 நாள் தராத ஏல அறிவிப்பு ரத்து, சட்டப்படி புதிதாக நடவடிக்கை எடுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று உத்தரவு.

அதாவது வழக்கில் ஜெயித்தாலும் கடன் அப்படியே இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் புது அறிவிப்பு வராததால் மீட்கும் உரிமை உயிரோடு இருக்கிறது. இப்போது பாக்கித் தவணைகளைப் பிரித்துக் கட்டக் கம்பெனி எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. முன்பு போனை எடுக்காதவர்கள் இப்போது எடுக்கிறார்கள்.

கோபி அக்கா:

மகராசனாய் இருங்க தம்பி. வீட்டுக்காரம்மாவுக்கும் மகளுக்கும் நான் கேட்டதாகச் சொல்லுங்க.

ஓய்வு பெற்ற மேலாளர், கரூர்:

மகிழ்ச்சி. கடைசித் தவணை முடிந்ததும் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் கடன்காரருக்குத் தர வேண்டும், 2023 டிசம்பரிலிருந்து இது அமலில் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரசீதையும் போட்டு வில்லங்கச் சான்றில் சரிபாருங்கள்.

காங்கேயம் தோப்பு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு வந்திருக்கும் நோட்டீஸில் இருப்பது வீடு இல்லை, மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. விவசாய நிலத்தை சர்பாசியில் தொட முடியாது என்கிறார்கள், சரியா?

ஈரோடு வழக்கறிஞர்:

31-ம் பிரிவில் விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் சிட்டா, அடங்கலில் விவசாயம் என்று இருப்பது மட்டும் போதாது, உண்மையில் விவசாயம் நடக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்று 2018-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடங்கல், தேங்காய் விற்ற ரசீது, விவசாய மின் இணைப்பு, சொட்டுநீர் மானியத் தாள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் என்றைக்கு வந்தது, 13(2)-ஆ 13(4)-ஆ, அதை முதலில் சொல்லுங்கள்.